துறைமுக நகரத்தில் இரண்டு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதன்முதலாக ஒரு துறைமுக நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, கைப்பேசி வரைபடத்தில் 'துறைமுகம்' என்று தட்டி, அது காட்டிய வழியில் பேருந்து ஏறினேன். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கிய இடத்தில் முள்கம்பி வேலி, வரிசை கட்டி நின்ற லாரிகள், அடையாள அட்டை கேட்கும் காவலர். கடல் கண்ணில் படவே இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்ட பழைய படகுத்துறை, காலையில் ரயிலைவிட்டு இறங்கிய இடத்திலிருந்து பத்து நிமிட நடைதான் என்று பிறகு தெரிந்தது. அரை நாள் போயிற்று. இரண்டு நாள் பயணத்தில் அரை நாள் என்பது கால் பங்கு.

அதன்பின் பல துறைமுக ஊர்களுக்குப் போய்வந்தாயிற்று. மற்ற ஊர்களுக்குப் போடுகிற திட்டம் இங்கே ஒத்துவராது என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கற்றுக்கொண்டேன். ஒரு கோட்டையோ அருங்காட்சியகமோ காலையில் போனாலும் மாலையில் போனாலும் அதேதான். துறைமுகம் அப்படியில்லை. நீர் ஏறும், வற்றும். காற்று திசை மாறும். கப்பல் வரும், போகும். 'எங்கே போகலாம்' என்ற பட்டியலைவிட 'எப்போது போகலாம்' என்ற கணக்குத்தான் இங்கே உதவும். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்குத்தான்.

முதல் வேலை: எந்தத் துறைமுகம் என்று முடிவு செய்யுங்கள்

பெரிய துறைமுக நகரங்கள் பலவற்றில் இன்று இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன. ஒன்று, ஊர் பிறந்த இடம். மற்றது, சரக்கு இறங்கும் இடம். இரண்டும் பிரிந்துபோனதற்கு ஒரு இரும்புப் பெட்டிதான் காரணம். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் அமெரிக்காவின் நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கண்டெய்னர்களோடு கிளம்பியது. அதுவரை சரக்கு மூட்டையாகவும் பீப்பாயாகவும் பெட்டியாகவும் தொழிலாளர் தோளில் ஏறி இறங்கியது. கிடங்கு கரையோரத்திலேயே இருந்தது, கிடங்கைச் சுற்றி ஊர் இருந்தது. கண்டெய்னர் வந்தபின் தேவைப்பட்டவை வேறு: ஆழமான நீர், பெட்டிகளை அடுக்கப் பரந்த வெறும் நிலம், லாரிகளுக்கு அகலச் சாலை. ஊர் நடுவில் அதற்கு இடம் ஏது? லண்டனில் ஊருக்குள் இருந்த கப்பல்துறைகள் 1980களின் தொடக்கத்துக்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ராட்டர்டாமின் துறைமுகம் கடலை நோக்கி நகர்ந்து நகர்ந்து, கடலைத் தூர்த்து எழுப்பிய மாஸ்விளாக்டே வரை போய்விட்டது. நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 2004 ஜூலையில் துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் நடைமுறைக்கு வந்தபின், சரக்குத் துறைமுகத்துக்குள் சும்மா எட்டிப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே வரைபடத்தில் பெயரைத் தேடாதீர்கள். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வடிவத்தைத் தேடுங்கள். நேர்கோடாக நீண்ட கரை, அதன்மேல் சீட்டுக்கட்டு பரப்பியதுபோல வண்ணப் பெட்டிகள்: அது சரக்குத் துறைமுகம், அங்கே போக வேண்டாம். தெருக்கள் நெருங்கிக் குழம்பிக் கிடக்கும் பகுதியில் கைப்பிடி அளவு நீர் ஊருக்குள் நுழைந்திருக்கும். பக்கத்திலேயே பழைய சுங்க மாளிகை, தலைமை அஞ்சலகம், ரயில் நிலையம். உங்களுக்கான இடம் அதுதான். விதிவிலக்குகளும் உண்டு. ஹாம்பர்க்கில் கண்டெய்னர் துறைமுகம் ஆற்றுக்கு அக்கரையில், ஊரிலிருந்து பார்த்தாலே தெரியும். அங்கே 62ஆம் எண் ஃபெர்ரி பேருந்து மாதிரி ஒரு சாதாரணப் பொதுப் போக்குவரத்துதான். அதில் ஏறி மேல்தளத்தில் உட்கார்ந்தால் உலகம் சுற்றும் கப்பல்களின் பக்கத்திலேயே போய்வரலாம்.

தேதி குறிப்பது

மூன்று விஷயங்களைப் பார்த்துத் தேதி குறியுங்கள். முதலாவது நிலா.

பெரும்பாலான கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நிலா பாதியாகத் தெரியும் நாட்களை ஒட்டி இரண்டும் அடங்கியிருக்கும். பிரான்சின் சேன்-மாலோ போன்ற ஊரில் நீர்மட்டம் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே கிராண்ட் பே என்ற சிறு தீவுக்கு வற்றத்தில் நடந்தே போகலாம், ஏற்றத்தில் மாட்டிக்கொண்டால் அடுத்த வற்றம் வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். கனடாவின் செயின்ட் ஜான் நகரத்தில் கடல் ஏறும்போது ஆறே பின்னோக்கி ஓடும். அந்தக் காட்சிக்காகவே போகிறவர்கள் அந்த நேரத்தைத் தவறவிட்டால் வெறும் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மத்தியதரைக் கடலில் இந்தக் கவலை கிடையாது. அங்கே பெரும்பாலான இடங்களில் ஏற்றவற்றம் ஒரு சாண், இரண்டு சாண்தான். ஜெனோவாவுக்கோ மார்செய்க்கோ போகிறவர் நிலாவை ரசிக்க மட்டும் பார்த்தால் போதும்.

ஊரின் ஓத அட்டவணை, அதாவது நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் இரண்டு நாளின் எட்டு நேரங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வற்றத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும், படிக்கட்டின் பாசி தெரியும், நாற்றமும் வரும். படம் எடுக்க ஏற்றம் நல்லது. பழைய துறைச் சுவர் எவ்வளவு உயரம், எந்தக் கல்லில் வடம் உராய்ந்து தேய்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்க்க வற்றம் நல்லது. எனக்கு வற்றம்தான் பிடிக்கும். ஊரின் அடிமடியைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது, சொகுசுக் கப்பல்கள். இன்றைய பெரிய பயணக் கப்பல் ஒன்றில் ஐயாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். அப்படி இரண்டு கப்பல் ஒரே காலையில் வந்து நின்றால் பழைய ஊரின் குறுகிய தெருக்களில் கால் வைக்க முடியாது. வெனிஸில் நகரத்தையும் அதைச் சூழ்ந்த காயலையும் காக்க, ஜுடெக்கா கால்வாய்க்குள் பெரிய பயணக் கப்பல்கள் வர 2021 ஆகஸ்டு முதல் தடையே விதித்தார்கள். பல துறைமுகங்கள் எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வருகிறது என்று மாதக்கணக்கில் முன்பே தங்கள் இணையதளத்தில் போட்டுவிடுகின்றன. கப்பல் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். வேறு தேதி அமையாவிட்டால், கப்பல் பயணிகள் பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல் இறங்கி மாலை ஐந்துக்குள் ஏறிவிடுவார்கள் என்பதை வைத்துக்கொண்டு, பழைய ஊரை விடியலுக்கோ அந்திக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது வாரநாள். திங்கட்கிழமை பல நாடுகளில் அருங்காட்சியகம் கிடையாது. அவ்வளவுதான்.

முந்தைய இரவே போய்ச் சேருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இந்த வரியை வையுங்கள்: உங்களுக்கு இரண்டு காலைகள் வேண்டும். நாட்கள் இரண்டா ஒன்றரையா என்பது அடுத்த கவலை.

காரணம் காற்று. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். நண்பகலுக்குப் பிறகு அது வலுக்கும், கூடவே நீரும் சிலுசிலுக்கும். விடியற்காலையில் பெரும்பாலும் காற்று அடங்கி, நீர் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். தீவுக்கோ திறந்த கடலுக்கோ போகிற படகு எதுவானாலும் முதல் நாள் காலையிலேயே ஏறிவிடுங்கள். மழைக்காகப் படகை நிறுத்துவது குறைவு, காற்றுக்காகத்தான் நிறுத்துவார்கள். அன்று நிறுத்திவிட்டால் உங்கள் கையில் இன்னொரு காலை மிச்சம் இருக்கும். இரண்டாம் நாளுக்கு என்று படகுச்சீட்டு வாங்கி வைத்துவிட்டு, காற்றடிக்கிற கரையில் சீட்டைக் கையில் பிடித்தபடி நின்ற குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் இடைப்பட்ட ஏதாவதொரு தெரு போதும். 'கடல் பார்த்த அறை' என்று கூடுதல் காசு கேட்பார்கள். இரவில் அந்த ஜன்னலில் இருட்டுதான் தெரியும், விடியற்காலை நான்கு மணிக்குக் கடற்காக்கைகள் கத்தும். எனக்கு அது ஆனந்தம்; உடன் வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் உயரக் கோடுகளை ஒரு தடவை பாருங்கள். தூரம் 400 மீட்டர் என்று போட்டிருக்கும். அந்த 400 மீட்டரும் படிக்கட்டாக இருக்கலாம்.

பையில் என்ன வைப்பது என்று நீட்டி முழக்க வேண்டாம். வெயில் காலமானாலும் காற்று புகாத மெல்லிய மேலுடை ஒன்று, தாடையில் கட்டுகிற தொப்பி, வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி. மூக்குக் கண்ணாடி போடுகிறவரும் கேமரா வைத்திருப்பவரும் ஒன்று கவனியுங்கள்: கண்ணாடியில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்தது.

முதல் நாள்: நீரில் ஆரம்பியுங்கள்

சுற்றுலாப் படகுக்கு முன்னால், அந்த ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் ஃபெர்ரியில் ஒருமுறை ஏறுங்கள். பேருந்துக் கட்டணம்தான் இருக்கும். சில இடங்களில் அதுவும் இல்லை: நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி இலவசம், சுமார் 25 நிமிடப் பயணம், மன்ஹாட்டனிலிருந்து கிளம்பும்போது வலப்பக்கம் நின்றால் சுதந்திரதேவி சிலை தெரியும். ஹாங்காங்கில் துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெர்ரியின் கதை 1888 வரை பின்னே போகிறது. இஸ்தான்புல்லில் இருபது நிமிட ஃபெர்ரியில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடலாம். கொச்சியில் 2023 ஏப்ரல் முதல் மின்கலத்தில் ஓடும் வாட்டர் மெட்ரோ இருக்கிறது. ஊர் கடலுக்கு எந்த முகத்தைக் காட்டி நிற்கிறது என்பது இப்படி நீரின் நடுவிலிருந்து பார்த்தால்தான் தெரியும். துறைமுக நகரங்களின் வாசல் நீர்ப்பக்கம்தான். மாளிகைகளின் முகப்பு, கோபுரங்கள், கோட்டை எல்லாமே கப்பலில் வருகிறவர் பார்ப்பதற்காகக் கட்டியவை. சாலை வழியாக வருகிற நாம் கொல்லைப்புறமாக நுழைகிறோம்.

படகில் எங்கே உட்காருவது? வயிறு புரட்டுகிறவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். படகின் ஆட்டம் அங்கேதான் குறைவு. கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். உள்காது 'ஆடுகிறோம்' என்று சொல்கிறது, கையிலிருக்கும் திரை 'அசையவில்லை' என்று சொல்கிறது. இந்த முரண்தான் வாந்தியில் முடிகிறது. மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் கேட்டுப் படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், புரட்ட ஆரம்பித்தபின் போட்டால் பயன் குறைவு. படம் எடுப்பவர்களுக்கு பின்தளம்: காற்று முகத்தில் அறையாது, நீர் தெறிக்காது, படகு கிழித்துவிட்டுப் போகும் வெள்ளைக் கோடு ஊர் வரைக்கும் நீண்டு கிடக்கும்.

ஏறுவதற்கு முன்பு கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். போகிற கரையில் கேட்காதீர்கள், கிளம்புகிற கரையிலேயே கேளுங்கள். ஒரு தடவை அக்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்து லயித்து நின்று, கடைசிப் படகின் விளக்கு தூரத்தில் சின்னதாகிப் போவதையும் பார்த்தேன். நீரில் பத்து நிமிடம். சாலையில் வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு வர ஒன்றரை மணி நேரம். வாடகை வண்டிக்கு அன்றைய அறை வாடகையைவிட அதிகம் கொடுத்தேன்.

நண்பகலுக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். சில துறைமுகங்களில் அந்த நேரத்துக்கு ஒரு பீரங்கி வெடிக்கும். கேப் டவுனின் சிக்னல் மலையில் ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர மற்ற நாட்களில் நண்பகல் 12 மணிக்கு, மால்டாவின் தலைநகரான வாலெட்டாவில் மேல் பரக்கா தோட்டத்துக்குக் கீழேயும் 12 மணிக்கு. இது வெறும் வேடிக்கையாகத் தொடங்கியதல்ல. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கக் கப்பலில் ஒரு துல்லியமான கடிகாரம் வேண்டும். அது நான்கு நொடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல்மைல் தவறும். ஆகவே கிளம்புவதற்கு முன் துறைமுகத்திலேயே கடிகாரத்தைச் சரிசெய்தாக வேண்டும். அதற்குத்தான் கரையில் ஒரு நேர அடையாளம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுப்பதால், மாலுமிகள் வெடிச்சத்தத்தை நம்பாமல் புகையைப் பார்த்தே நேரம் குறித்தார்கள். கிரீனிச்சில் 1833 முதல் ஒரு பந்து கம்பத்தில் ஏறிப் பகல் ஒரு மணிக்குக் கீழே விழுகிறது. தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களுக்கு அது கண்ணால் பார்க்கும் கடிகாரம். நீங்கள் போகிற ஊரில் பழைய கட்டிடத்தின் உச்சியில் கம்பமும் பந்தும் தெரிந்தால், அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

மாலை: மேலே ஏறுங்கள்

இயற்கைத் துறைமுகங்கள் பலவும் மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்குகள். கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தபோது கடல் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. சிட்னி துறைமுகம் அப்படித்தான் உண்டானது. அதனால்தான் நல்ல துறைமுகம் இருக்கிற ஊரில் பக்கத்திலேயே குன்றும் இருக்கிறது. மார்செய்யில் பழைய துறைமுகத்துக்கு மேலே குன்றின்மீது நோத்ர்-தாம் தெ லா கார்த் தேவாலயம். சிலியின் வால்பரைசோவில் ஊரே குன்றில் தொங்குகிறது; மக்கள் ஏறி இறங்க 1883 முதல் சரிவு ரயில்கள் இருக்கின்றன. ஏற வண்டி, இறங்கக் கால் என்று வைத்துக்கொண்டால் முழங்கால் தப்பிக்கும். இல்லை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதுதான் சிரமம். அவர்கள் இரண்டுக்கும் வண்டியே பிடியுங்கள்.

சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்பு மேலே இருக்க வேண்டும். மறைந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள், நீங்கள் இறங்காதீர்கள். அடுத்த இருபது முப்பது நிமிடத்தில் வானம் இன்னும் நீலமாக இருக்க, கீழே துறைமுகம் ஒவ்வொரு விளக்காக ஏற்றும். அப்போது கப்பல்களைப் படிக்கலாம். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, எல்லா நாட்டிலும் இதே விதி. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது உங்கள் இடப்பக்கம் நோக்கிப் போகிறது, பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. கலங்கரை விளக்கம் இருந்தால் அதன் மின்னலை எண்ணுங்கள்: எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்பது ஒவ்வொரு விளக்குக்கும் வேறு, அடுத்தடுத்த விளக்குகள் குழம்பாதபடி வைத்திருப்பார்கள். இருட்டில் மாலுமிக்கு அதுதான் ஊரின் பெயர்ப்பலகை. ஜெனோவாவின் லான்டெர்னா 77 மீட்டர் உயரம், இப்போதுள்ள கோபுரம் 1543இல் கட்டியது, இன்றும் எரிகிறது.

உடன் குழந்தைகள் வந்தால் இந்த விளக்கு எண்ணும் விளையாட்டுக்கு ஈடாக எந்த நுழைவுச்சீட்டும் இல்லை.

இரண்டாம் நாள் விடியல்

மீன்பிடித் துறைமுகம் இருக்கிற ஊரானால், வெளிச்சம் வருமுன் எழுந்து ஏலத்துக்குப் போங்கள். பல ஊர்களில் ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்து தரையைக் கழுவிவிடுவார்கள். ஹாம்பர்க்கில் 1703 முதல் நடக்கும் மீன் சந்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஏலக்கூடம் வேடிக்கைக்கான இடம் இல்லை, அடுத்தவர் பிழைப்பு நடக்கும் இடம். தள்ளுவண்டி வரும் வழியில் நிற்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள், ஏலம் கூவுகிறவருக்கு முன்னால் கையை உயர்த்திப் படம் எடுக்காதீர்கள். கை உயர்ந்தால் அங்கே அதற்கு வேறு அர்த்தம் உண்டு.

அங்கிருந்து அலைத்தடுப்புச் சுவர்மேல் நடை. கடற்கரையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: கப்பல் அவ்வளவு பக்கத்தில் போகும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் பயணிக் கப்பல்களும் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. மரைன்டிராஃபிக் போன்ற செயலிகள் அதைத்தான் வரைபடத்தில் காட்டுகின்றன. முன்னால் போகிற கப்பல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். செயலி சொல்லாததைக் கண்ணால் பாருங்கள்:

பின்புறத்தில் கப்பலின் பெயருக்குக் கீழே ஓர் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். அது பதிவான துறைமுகம். பனாமா, மன்ரோவியா, மஜூரோ என்று திரும்பத் திரும்ப வரும். கப்பல் முதலாளி வேறு எங்கோ இருப்பார்; வரியும் விதியும் தோதாக இருக்கிற நாட்டின் கொடி பறக்கும்.

பக்கவாட்டில் நடுப்பகுதியில் ஒரு வட்டம், அதை வெட்டும் கோடு, பக்கத்தில் ஏணிப்படி போலச் சில கோடுகள். இதற்கு மேல் மூழ்கும்படி சரக்கு ஏற்றக் கூடாது என்ற எல்லை அது. ஓவர்லோடு ஏற்றிக் கப்பலையும் மாலுமிகளையும் மூழ்கடித்த காலத்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, 1876இல் அங்கே சட்டமாயிற்று. கோடு ஏன் பல? உப்புநீரைவிட நன்னீர் அடர்த்தி குறைவு, ஆகவே நன்னீரில் கப்பல் கொஞ்சம் அதிகம் அமிழும். வெதுவெதுப்பான கடலுக்கு ஒரு கோடு, குளிர்காலக் கடலுக்கு ஒரு கோடு. கோடு நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் கப்பல் காலியா, நிறைவா என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம்.

பாதி வெள்ளை, பாதி சிவப்பாக ஒரு கொடி தெரிந்தால் கப்பலில் பைலட் ஏறியிருக்கிறார். எத்தனை பெருங்கடலைக் கடந்த கேப்டனானாலும், ஊரின் அடிமணலும் நீரோட்டமும் தெரிந்த உள்ளூர் ஆள் வந்துதான் உள்ளே வழிகாட்ட வேண்டும். சிறு படகில் வந்து, ஓடுகிற கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறுவார். அதைப் பார்க்கக் கிடைத்தால் அன்றைய நாள் அதிர்ஷ்டம்தான். ஊதலுக்கும் மொழி உண்டு: சின்னதாக ஒன்று என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்து முறை கேட்டால் யாரோ யாரிடமோ 'என்ன செய்கிறாய்' என்று கேட்கிறார்கள்.

சிவப்பு, பச்சை மிதவைகளை வைத்து வழி புரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. உலகம் இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஆசியாவின் பெரும்பகுதியில் கடலிலிருந்து உள்ளே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் வலப்பக்கம் சிவப்பு.

கரையோரம் நடக்கும்போது மூன்றே எச்சரிக்கைகள். கப்பல் கட்டியிருக்கும் வடத்தின் பக்கத்தில் நிற்காதீர்கள், கட்டுத்தூணில் உட்காராதீர்கள். விறைத்த வடம் அறுந்தால் சாட்டைபோலத் திரும்பும், அதன் வழியில் இருக்கிறவர் பிழைப்பது அரிது. நீர் தொடும் படியில் பச்சையாகத் தெரிவது பாசி, அதில் கால் வைக்காதீர்கள். கடற்படைத் தளம், சுங்கப் பகுதி பக்கம் கேமராவைத் திருப்புமுன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

வெயில் நேரத்துக்கு ஒரு கப்பல்

இரண்டாம் நாள் பகலை ஒரு கடல்சார் அருங்காட்சியகத்துக்கோ அருங்காட்சியகமான பழைய கப்பலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும், இரண்டு போனால் இரண்டுமே மங்கிவிடும். ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா என்ற போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே, துறைமுகத்தைவிட்டு வெளியேறுமுன்பே, ஊரே பார்த்துக்கொண்டிருக்க மூழ்கியது. மேல்பாரம் அதிகம். 333 ஆண்டு கழித்து 1961இல் தூக்கினார்கள். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உப்பு குறைந்த பால்டிக் நீரில் பிழைக்காததால் கப்பல் ஏறக்குறைய முழுசாகவே கிடைத்தது. தோற்றுப்போன ஒரு கப்பல்தான் இன்று அந்த ஊருக்குக் கூட்டத்தைக் கூட்டி வருகிறது.

நீங்கள் ஏறி இறங்கக்கூடிய பழைய கப்பலாக இருந்தால், ஏணியில் இறங்கும்போது மாடிப்படி இறங்குவதுபோல முன்னால் பார்த்து இறங்காதீர்கள். ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குங்கள். தலைக்கு மேலே உத்தரம் எதிர்பார்ப்பதைவிட ஒரு கை தாழ்வாகவே இருக்கும். குறைந்தது ஒரு தடவை இடித்துக்கொள்வீர்கள்.

சாப்பாட்டுக்கு நீரோரக் கடைகளை விட்டுவிட்டு இரண்டு தெரு உள்ளே போங்கள். முன்வரிசைக் கடை விற்பது காட்சியை. பின் தெருவில் உட்கார்ந்து சாப்பிடுவது துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்து, முதல் நாள் பார்த்த அதே படகுத்துறைக்கு மறுபடி போங்கள், முடிந்தால் நீர்மட்டம் நேர்மாறாக இருக்கும் நேரத்தில். துண்டுத்தாளில் எழுதி வைத்த நேரங்கள் இதற்குத்தான். நேற்று காலடியில் தளும்பிய நீர் இன்று நான்கு ஆள் ஆழத்துக்குக் கீழே கிடந்தாலும் கிடக்கும். நேற்று நின்ற கப்பல் போயிருக்கும்; அதன் பெயர் நினைவிருந்தால் செயலியில் தட்டிப் பாருங்கள், இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ. நான் ஒரு கப்பலை அப்படி வீட்டுக்கு வந்தும் மூன்று வாரம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூயஸ் கால்வாய் தாண்டியபின் விட்டுவிட்டேன்.